டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு ஒரு மொழி ஆப்: எழுத்துருவை விடுங்க, கடிகாரத்தைக் கழற்றுங்க

எங்க டிபார்ட்மெண்ட்ல வருஷா வருஷம் பிசினஸ் பிளான் போட்டி நடக்கும். ஐந்து நிமிஷம் ஸ்லைடு, மூன்று நிமிஷம் கேள்வி. இந்த வருஷம் ஒரு அணி எடுத்துக்கொண்ட ஐடியா நிஜமாகவே நல்ல ஐடியா. டிஸ்லெக்சியா உள்ளவர்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஒரு ஆப். நல்ல கைத்தட்டலும் கிடைத்தது. ஆனால் ஸ்லைடுகளில் இருந்தது மூன்றே விஷயம்தான். டிஸ்லெக்சியாவுக்கென்றே செய்த எழுத்துரு, கண்ணை உறுத்தாத பின்னணி நிறம், தினமும் வரவழைக்க பாயிண்ட், பேட்ஜ், லீடர்போர்டு. அதாவது ஏற்கெனவே இருக்கிற ஆப்புக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்தால் போதும்.

அந்த அணியை மட்டும் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. இந்த விஷயம் பேசுகிற பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. நான் டாக்டரும் இல்லை, சாப்ட்வேர் ஆளும் இல்லை, டெபிட் கிரெடிட் பார்க்கிற பி.காம். ஆசாமி. ஆனாலும் போட்டி முடிந்த பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று மட்டும் உறுதியாகத் தோன்றியது: இந்த ஆப்பில் முதலில் யோசிக்க வேண்டியது திரையில் என்ன தெரிகிறது என்பதை அல்ல. காதில் என்ன விழுகிறது, எவ்வளவு நேரம் கொடுக்கிறோம், யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

இது கண் கோளாறு இல்லை

1896ஆம் வருஷம் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பையன் பெயர் பெர்ஸி. ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடம், டியூஷன் என்று எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் சின்னச் சின்னச் சொற்களைக்கூடப் படிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றிப் ‘ப்ரெஸி’ என்று எழுதினான், அதில் தப்பு இருப்பதும் அவனுக்குத் தெரியவில்லை. அதே பையன் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் டக்கென்று சரியாகப் பெருக்கினான். அவனுடைய வாத்தியார் சொன்னதுதான் முக்கியம்: பாடம் முழுக்க வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம்.

யோசித்துப் பாருங்கள். ஆப் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1896லேயே பதில் கிடைத்துவிட்டது. நாம்தான் இன்னும் எழுத்துருவில் நிற்கிறோம்.

டிஸ்லெக்சியா என்றதும் ‘எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியும், வார்த்தை டான்ஸ் ஆடும்’ என்றுதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். 2007ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்தில் எழுத்துகள் பூச்சி மாதிரி ஊர்ந்து போவது மனதில் பதிந்துவிட்டது. (படம் செய்த நன்மை பெரிசு, அதில் சந்தேகமே இல்லை.) ஆனால் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலோர் சொல்வது வேறு. ஒரு சொல்லில் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து உணர்வதும், அந்தந்த ஒலியை அதற்குரிய எழுத்தோடு சட்டென்று இணைப்பதும்தான் இவர்களுக்குக் கஷ்டம். பார்வைக்கும் புத்திக்கும் இதில் சம்பந்தம் இல்லை. நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 60 பேர் இருக்கிற ஒரு வகுப்பில் குறைந்தது மூன்று பேர். நம் வகுப்பிலும்தான்.

அப்புறம் அந்த எழுத்துரு சமாசாரம். 2008ல் டிஸ்லெக்ஸி, 2011ல் ஓப்பன்டிஸ்லெக்ஸிக் என்று இரண்டு எழுத்துருக்கள் வந்தன. எழுத்தின் அடிப்பக்கம் கனமாக இருக்கும், அதனால் எழுத்து ‘கவிழாது’ என்பது கணக்கு. 2017லும் 2018லும் வந்த ஆய்வுகளில் சாதாரண ஏரியலைவிட இவற்றில் வேகமும் கூடவில்லை, தப்பும் குறையவில்லை. 2016ல் இன்னொரு ஆய்வு வந்தது. டிஸ்லெக்ஸியில் தெரிந்த கொஞ்ச முன்னேற்றமும் எழுத்துகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியால் வந்தது, ஏரியலுக்கும் அதே இடைவெளி கொடுத்தால் வித்தியாசம் காணாமல் போகிறது என்றது. இடைவெளி உதவும் என்பதற்கு அதற்கு முன்பே, 2012ல், சாட்சி இருந்தது. இத்தாலியிலும் பிரான்சிலும் டிஸ்லெக்சியா உள்ள 74 குழந்தைகளுக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டிக் கொடுத்தபோது எந்தப் பயிற்சியும் இல்லாமலே தப்பு குறைந்தது, வேகம் கூடியது.

ஆக, எழுத்துருவுக்குச் செலவு செய்யத் தேவையே இல்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டன் வையுங்கள். அரை நாள் வேலை. மிச்சப் பணத்தை வேறு இடத்தில் போடலாம்.

ஆங்கிலம் மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

டஃப், தோ, த்ரூ, காஃப். ஆங்கிலத்தில் இந்த நான்கு சொற்களும் ஓ, யூ, ஜி, ஹெச் என்ற அதே நான்கு எழுத்தில்தான் முடிகின்றன. நான்கிலும் உச்சரிப்பு வேறு. டிஸ்லெக்சியா இல்லாதவனுக்கே தலை சுற்றும்.

2003ல் 13 ஐரோப்பிய மொழிகளில் குழந்தைகள் படிக்கக் கற்பதை ஒப்பிட்ட ஒரு ஆய்வு வந்தது. முதல் வகுப்பு முடிவில் ஃபின்லாந்துக் குழந்தைகள் பழக்கமான சொற்களில் 98 சதவீதத்தைச் சரியாகப் படித்தார்கள். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் படித்த குழந்தைகள் 34 சதவீதம்தான். (ஸ்காட்லாந்துக் குழந்தைகளுக்கு வயதும் குறைவு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இடைவெளி மலைக்கும் மடுவுக்கும்.) 2001ல் வந்த இன்னொரு ஆய்வில் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து கல்லூரி மாணவர்களைப் பார்த்தார்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்களின் மூளை படிக்கும்போது மூன்று நாட்டிலும் ஒரே மாதிரிதான் வித்தியாசப்பட்டது. ஆனால் இத்தாலிக்காரர்கள் மற்ற இருவரையும்விட நன்றாகப் படித்தார்கள், ஏனென்றால் இத்தாலிய மொழியில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். 1999ல் ஜப்பானில் வளர்ந்த ஒரு பையனைப் பற்றி எழுதினார்கள். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் ஜப்பானியம். ஆங்கிலத்தில் மட்டும் டிஸ்லெக்சியா, ஜப்பானியத்தை நன்றாகவே படித்தான்!

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தாய்மொழியில் ஒப்பேற்றிக்கொண்டு போகிற ஒரு மாணவன் ஆங்கிலத்தில் வந்துதான் மாட்டிக்கொள்வான். அப்போது வீட்டிலும் வகுப்பிலும் கிடைக்கிற பட்டம் என்ன? ‘சோம்பேறி’, ‘கவனம் பத்தாது’. தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகளில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்கு ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு, கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் என்று சலுகைகள் உண்டு. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. எல்லாம் வேண்டியவைதான், ஒன்றையும் எடுக்கக் கூடாது. ஆனால் சலுகை பரீட்சை ஹாலோடு முடிந்துவிடும். மறுநாள் காலேஜ் வந்தால் கம்பெனி லா புத்தகம் ஆங்கிலத்தில், இண்டர்வியூ ஆங்கிலத்தில். ‘நீ எழுத வேண்டாம்’ என்று சொல்லிவிட்டோம், ‘வா, உனக்குப் புரிகிற மாதிரி சொல்லித் தருகிறேன்’ என்று சொல்ல ஆள் இல்லை. ஆப் என்று ஒன்று வந்தால் அது நிரப்ப வேண்டிய இடம் இதுதான்.

ஒரு பம்பரத்தில் இரண்டு ‘ப’

வெளிநாட்டு ஆப்பை வாங்கித் தமிழ் மெனு போட்டால் போதுமா? போதாது. ஏன் என்று ஒரே ஒரு உதாரணம்.

‘பம்பரம்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் இரண்டாவது ‘ப’வும் ஒரே ஒலியா? இல்லை. முதலில் வருவது ‘பல்’லில் வருகிற ப. இரண்டாவது ‘அம்பு’வில் வருகிற ப. தமிழில் இடத்தைப் பார்த்து ஒலி தானாக மாறிவிடும், அதனால் ஒரே எழுத்து போதும். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. பேனாவுக்குச் சொல்கிற ‘பென்’னும் பெஞ்சமினைச் சுருக்கிக் கூப்பிடுகிற ‘பென்’னும் தமிழில் எழுதினால் ஒன்றுதான். ‘30 நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்கள் ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு போடுகின்றன, இல்லையா? எந்த வித்தியாசத்தை அந்த மாணவன் காதால் பிடிக்க வேண்டுமோ, சரியாக அதையே அந்த முறை மறைத்துவிடுகிறது.

இது போதாதென்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அந்த ‘பீ’யும் இந்த ‘பி’யும் ஒரே உருவத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி இருக்கும். பக்கத்திலேயே ‘டி’யும் ‘க்யூ’வும். காதிலும் குழப்பம், கண்ணிலும் குழப்பம். நம்ம ஊர் டிஸ்லெக்சியா மாணவனுக்கு இது டபுள் ஆக்ட்.

அப்படியானால் தமிழ் தெரிந்தவர்களுக்கான ஆப்பின் முதல் பாடம் ஏ ஃபார் ஆப்பிள் அல்ல. பம்பரம்தான். உனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லில் இந்த இரண்டு ஒலியும் இருக்கிறது, கேள், பிரி, எது எது என்று சொல். திரையில் ஆங்கில எழுத்தே வேண்டாம். காது தேறிய பிறகு ஒரு ஒலிக்கு எழுத்தைக் காட்டு, விரலால் திரையில் எழுத வை, எழுதும்போதே ஒலியைச் சொல்ல வை. அது நன்றாகப் பதிந்து, சில பாடம் தள்ளித்தான் அதன் ஜோடி எழுத்து வரலாம்.

தமிழிலும் வலை இருக்கிறது. துணைக்காலையும் ‘ர’வையும் கையெழுத்தில் பிரிப்பது கஷ்டம். ‘கௌ’ என்பது ஒரு எழுத்தா, ‘கெ’யும் ‘ள’வும் சேர்ந்ததா என்று பார்த்தால் தெரியாது. ‘கே’ சொல்லும்போது க் முதலில், ஏ பிறகு. எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கும். ஆகவே மாணவனுக்கான விளக்கமும் கட்டளையும் தமிழ் எழுத்தில் நீளமாக இருந்தால் அதுவும் சுமைதான். ‘அடுத்து’ என்ற பட்டனுக்குக்கூடக் குரல் வேண்டும். டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கென்று ஆப் செய்துவிட்டு அதைத் தொடங்க ஒரு பக்க விதிமுறை படிக்கச் சொன்னால் சிரிப்பதா அழுவதா?

கடிகாரமும் கணக்குப் புத்தகமும்

என்னோடு படிக்கும் ஒருவருக்கு டிஸ்லெக்சியா உண்டு. லெட்ஜரைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே டேலி ஆகவில்லை என்று சொல்லிவிடுவார். ஒரு பிரபல மொழி ஆப்பை இரண்டு மாசம் வைத்திருந்து அழித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். “தப்புன்னு சிவப்பு வர்றது பரவாயில்லடா, அது பழகிடுச்சு. மேல அந்தக் கோடு குறைஞ்சுக்கிட்டே வருது பாரு, அதப் பாத்தா தெரிஞ்சதும் மறந்துடுது” என்றார்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு கேள்விக்கு 10 விநாடி என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குப் படிக்க 4 விநாடி ஆகிறது, யோசிக்க 6 மிச்சம். அவருக்குப் படிக்க 9 ஆகிறது, யோசிக்க ஒரே விநாடி. கேள்வி ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான், ஆனால் பரீட்சை ஒன்றா? ஆப் சோதிப்பது அவருடைய ஆங்கிலத்தை அல்ல, அவருடைய படிக்கும் வேகத்தை. அது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே, அதைத் தினமும் சோதித்து என்ன ஆகப் போகிறது? எனவே டைமர் வேண்டாம். ‘நிறுத்திவிடலாம்’ என்று செட்டிங்ஸில் எங்கோ ஒளித்து வைப்பதும் வேண்டாம். டைமரே இல்லாமல் ஆப் வரட்டும். லீடர்போர்டும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் கடைசி ரேங்க் வாங்கியவருக்கு அதையே காசு கொடுத்து போனில் வாங்க என்ன தலையெழுத்து?

அடுத்தது மதிப்பெண். பெரும்பாலான ஆப்களில் ஒரே ஸ்கோர். ‘பிகாஸ்’ என்ற சொல்லின் அர்த்தம் தெரியும், வாக்கியத்தில் சரியாகப் போடத் தெரியும், எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து விட்டுப்போச்சு. மொத்தமாகத் தப்பு. எங்கள் பாஷையில் சொன்னால் ஸ்டேஷனரி செலவைக் கொண்டுபோய் மூலதனக் கணக்கில் எழுதுகிற வேலை இது. கேட்டுப் புரிதல், பேச்சு, சொல்வளம், எழுத்துக்கூட்டல் நான்குக்கும் தனித்தனி லெட்ஜர் வேண்டும். எழுத்துக்கூட்டலில் கடன் இருக்கட்டும், மெதுவாக அடைக்கலாம். அதற்காகச் சொல்வளத்தை முடக்கக் கூடாது. அதைவிட முக்கியம், தனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று அந்த மாணவன் முதல்முறையாகத் தன் கண்ணால் பார்ப்பான்.

ஃபின்லாந்து சொல்லும் இரண்டு பாடம்

காதிலிருந்து தொடங்கும் ஆப் வெறும் கற்பனை இல்லை. ஃபின்லாந்தில் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஹெய்க்கி லூட்டினன் என்ற பேராசிரியரின் குழு 2000களில் ஒரு விளையாட்டைச் செய்தது. அங்கே ‘ஏகபேலி’, வெளியே ‘கிராஃபோகேம்’. ஹெட்போனில் ஒரு ஒலி வரும், மேலிருந்து எழுத்துகள் இறங்கி வரும், சரியானதைத் தொட வேண்டும். தடுமாறினால் ஆட்டம் அதற்கேற்ப எளிதாகும். ஒரு ஒலி, ஒரு எழுத்து என்று படிப்படி. இதற்கும் மூத்தது 1930களில் அமெரிக்காவில் உருவான ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறை. கண், காது, கை மூன்றையும் சேர்த்து, விதியை வெளிப்படையாகச் சொல்லி, பழையதைத் திரும்பத் திரும்பச் செய்வது. இன்றைய ஆப்கள் பல இதற்கு நேர் எதிர். வாக்கியங்களை அள்ளிக் கொட்டி ‘விதியை நீயே கண்டுபிடி’ என்று விட்டுவிடுகின்றன.

சரி, கிராஃபோகேம் போட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் இரண்டாவது பாடம். 2020ல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக, சொற்களைப் படிக்கும் திறனில் முன்னேற்றம் ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து பேசி, உற்சாகப்படுத்தி நடத்திய இடங்களில் மட்டும் நல்ல பலன் தெரிந்தது. அதே விளையாட்டு, அதே திரை. பக்கத்தில் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

ஆப்பைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்று நினைக்கிற எல்லோரும் இதைச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கலாம். ஆப்பில் இரண்டு பேருக்கு இடம் இருக்க வேண்டும். மாணவன் பக்கம் ஒன்று, அம்மாவுக்கோ டீச்சருக்கோ அக்காவுக்கோ இன்னொன்று. “இன்றைக்கு இந்த ஒலி, சமையல்கட்டில் இந்த மூன்று பொருளைச் சொல்லச் சொல்லுங்கள்” என்று அவர்களுக்கு ஒரு நிமிஷ ஆடியோ. அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை.

காசு எங்கிருந்து?

நம்ம சப்ஜெக்டுக்கு வந்தாச்சு. :-)

இலவச ஆப்புக்கு வருமானம் எதில்? எத்தனை பேர் தினமும் திறக்கிறார்கள் என்பதில். அதனால்தான் ஸ்ட்ரீக். ஒரு நாள் விட்டால் பூஜ்யம் என்ற பயம். டிஸ்லெக்சியா உள்ளவருக்கு ஒரு பாடம் மற்றவர்களைவிட அதிக உழைப்பு. ஒரு நாள் களைத்துப் போய் விட்டுவிடுவார், ஆப் உடனே ‘தோற்றுவிட்டாய்’ என்று காட்டும். ஆக வியாபாரக் கணக்கும் கற்றல் கணக்கும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. எதில் காசு வருகிறதோ அதற்கேற்பத்தான் டிசைன் அமையும். இதை மாற்றாமல் நிறத்தை மாற்றி என்ன புண்ணியம்?

இன்னொரு ஆபத்து, பெற்றோரின் பயத்தை விற்பது. ‘மூன்றே மாதத்தில் டிஸ்லெக்சியா குணமாகும்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். இது குணமாகிற நோய் இல்லை, ஆனால் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் படிக்கக் கற்கலாம்.

எனக்குச் சரியென்று படுவது: பள்ளிகளும் அரசும் வாங்கட்டும், மாணவனிடம் வாங்க வேண்டாம். நெட் இல்லாமல் பழைய போனிலும் ஓடட்டும். பணம் தருகிறவர்கள் எத்தனை பேர் திறந்தார்கள் என்று கேட்காமல், வருஷ முடிவில் எத்தனை பேர் எத்தனை ஒலியை எழுத்தோடு சேர்த்தார்கள் என்று கேட்கட்டும். உதவிக்கு இங்கேயே ஆள் இருக்கிறார்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களிலிருந்து சென்னையில் இந்த வேலையைச் செய்கிறது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளில் டிஸ்லெக்சியாவைக் கண்டறிய ‘டாலி’ என்ற சோதனை முறையை 2015ல் வெளியிட்டது. இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்று நான்கு மொழி. அந்த முதல் பட்டியலில் தமிழ் இல்லை. ஆங்கில ஆப் செய்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தாய்மொழியில் சோதிக்காமல் ஒருவருக்கு டிஸ்லெக்சியாவா, இல்லை ஆங்கிலம் பழக்கமில்லையா என்று எப்படிப் பிரிப்பது?

‘இதெல்லாம் எதற்கு, போனே படித்துக் காட்டுகிறது, சொன்னால் டைப் செய்கிறது, ஏஐ வேறு வந்துவிட்டதே’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வசதிகளைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும், அதில் வெட்கம் எதற்கு? ஆனால் போன் படித்துக் காட்டுவதைப் புரிந்துகொள்ளவே மொழி தெரிய வேண்டும். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கையெழுத்து போடச் சொல்லி நீட்டுகிற கடன் பத்திரம், இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் போனைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கைத்தடி தருவது நல்லது. நடக்கவே சொல்லித்தராமல் கைத்தடி மட்டும் தருவது சரியா என்பதுதான் என் கேள்வி.

ஆப் செய்யப் போகிற நண்பர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை சொல்கிறேன். செய்து முடித்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி, முதல் பாடத்தை ஓட விடுங்கள். என்ன சொல்லித் தருகிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கேட்டே புரிகிறதா? புரிந்தால் சரியான வழியில் போகிறீர்கள். புரியவில்லையென்றால் எழுத்துருவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பாடத்தைத் திரும்ப எழுதுங்கள்.